எடை எண்ணும் உடல்வாகும்

கேள்வி: எனக்கு வயது 46, உயரம் 156 செ.மீ., எடை 62 கிலோ. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். என் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 25.5 என்றும் அது உடல் பருமன் என்றும் இங்குள்ள மருத்துவர் சொல்கிறார். கொரியாவில் வேலை பார்க்கும் என் மகனோ, அங்குள்ள பாரம்பரிய வைத்தியர் தனக்குத் 'தேஉம்' உடல்வாகு என்று சொன்னதாகவும், எனக்கும் அதே வாகுதான் என்றும் கூறி, தான் குடிக்கும் எடைக் கஷாயத்தை எனக்கும் அனுப்புகிறேன் என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, காட்பாடி

பதில்: கஷாயம் வேண்டாம் என்று மகனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். கொரியாவில் எடை குறையத் தரும் கஷாயங்கள் பலவற்றில் மாஹுவாங் என்ற மூலிகை சேர்கிறது. அதிலுள்ள எபிட்ரின் பசியை அடக்கும். கூடவே இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். அது கலந்த சத்துப் பொருள்களை அமெரிக்கா 2004-இல் தடை செய்தது.

இனி அந்த எண். 62 கிலோவை 1.56 மீட்டரால் இரண்டு முறை வகுத்தால் 25.5 வரும். 1830-களில் இந்தக் கணக்கைக் கண்ட பெல்ஜியம் நாட்டு கெட்லே மருத்துவர் அல்லர். 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடிய வானியலாளர், புள்ளியியலாளர். எனவே இந்த எண்ணுக்குக் கொழுப்பு எது, தசை எது என்று தெரியாது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் அவருடைய பிரிட்டிஷ் நண்பர் யுட்கினும் 2004-இல் தங்களையே அளந்து வெளியிட்டார்கள்: இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3, ஆனால் உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மவர் உடல்வாகு இப்படி இருப்பதால்தான், உலக சுகாதார நிறுவனம் பொதுவாக 30-இல் தொடங்கும் பருமனை இந்திய மருத்துவர்கள் 25-இலேயே தொடங்குகிறார்கள். கொரியாவிலும் அதே 25தான் என்பதை மகனுக்கு நினைவூட்டுங்கள்.

'தேஉம்' என்பது லீ ஜே-மா என்ற கொரிய வைத்தியர் 1894-இல் எழுதி முடித்த நூலில் வகுத்த நான்கு உடல்வாகுகளில் ஒன்று. பெயர் நம் காதுக்குத் 'தேயும்' என்று கேட்டாலும், எளிதில் தேயாத உடம்புக்காரர்களைத்தான் அது குறிக்கிறது. கல்லீரல் வலுத்து நுரையீரல் மெலிந்த இவர்களுக்கு உண்பது உடலில் தங்கிவிடும் என்றும், நன்றாக வியர்த்தால் அது ஆரோக்கியத்தின் அடையாளம் என்றும் அம்முறை சொல்கிறது. (வேலூர் வெயிலில் வியர்ப்பதை வைத்து யாரும் தம்மை அந்த வாகில் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.) நம் சித்த மருத்துவம் வாத, பித்த, கப உடல் என்று பார்ப்பதைப் போல, இதுவும் ஒருவரின் இயல்பைப் பற்றிய பார்வை, எடையால் வரும் ஆபத்தை அளக்கும் கருவியன்று. அதிலும் வைத்தியர் நேரில் பார்த்தே வாகைக் கணிப்பார். மகனைப் பார்த்துத் தாய்க்குக் கணிப்பது அம்முறைக்கே ஒவ்வாது.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஓர் அளவுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: இடுப்புச் சுற்றளவு. தையல்காரர் நாடாவை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு, வெறும் உடம்பில் சுற்றிப் பாருங்கள். புடவைக் கொசுவத்தின் மேலோ பாவாடை நாடாவின் மேலோ வைத்தால் கணக்கு தவறும். 80 செ.மீ.க்கு மேல் இருந்தால் சர்க்கரையும் கொழுப்பும் பரிசோதித்து, அந்தச் சீட்டுகளோடு மருத்துவரைப் பாருங்கள். மகனையும் அங்கே ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். கஷாயம் குடிப்பவர் அவர், தாய்க்கு இருப்பது அவருக்கும் வரக்கூடியது.