உங்க ஃபீடை யார் எழுதுறாங்க? கேட்டீங்க, சொல்றேன்

(செய்தி ஆப் ஒன்றில் பரிந்துரைப் பிரிவில் வேலை பார்த்தவள். வந்த கேள்விகளில் சில. ஃபீட் என்பது ஆப் நமக்காக அடுக்கிக் காட்டும் செய்திப் பட்டியல்.)

அக்கா, நான் யாரையும் ஃபாலோ பண்றதில்ல. ஆனா ஃபோன்ல கூகுள் தானா செய்தி காட்டுற டிஸ்கவர்ல எங்க ஊர் கும்பாபிஷேகம் வரைக்கும் வருது. எப்படி?

2006ல ஃபேஸ்புக் நியூஸ் ஃபீட் வந்தப்போ, உங்க நண்பர் என்ன போட்டாரோ அதுதான் உங்களுக்குச் செய்தி. டிஸ்கவருக்கு நண்பர் தேவையில்ல. நீங்க தேடினது, திறந்தது, அனுமதி கொடுத்திருந்தா லொகேஷன், இதெல்லாம் போதும்.

ஃபோன் மைக்ல ஒட்டுக் கேக்குதுன்னு சொல்றாங்களே?

நாமே எல்லாத்தையும் டைப் பண்ணிக் கொடுக்கிறோம். அப்புறம் எதுக்கு ஒட்டுக் கேக்கணும்?

ஒரே ஒரு நாள் தங்கம் விலை பார்த்தேன் மேடம். இப்போ எழுந்தா தங்கம், படுத்தா வெள்ளி. எனக்கு அதுல ஆர்வமே கிடையாது!

உங்க ஆர்வம் என்னன்னு அதுக்குத் தெரியாது, உங்க விரல் எங்க நின்னுச்சுன்னுதான் தெரியும். 1994ல குரூப்லென்ஸ்னு ஒரு ஆராய்ச்சித் திட்டம். யூஸ்நெட்ங்கிற பழைய இணைய விவாதக் குழுக்கள்ல வந்த பதிவுகளைப் படிச்சவங்ககிட்டயே 1லிருந்து 5 வரை மார்க் போடச் சொன்னாங்க. உங்களை மாதிரியே மார்க் போட்டவங்களுக்குப் பிடிச்சது உங்களுக்கும் பிடிக்கும்னு கணக்கு. இன்னைக்கு யாரு உட்கார்ந்து மார்க் போடுறாங்க? அதனால க்ளிக்கையும் நின்ன நேரத்தையும் மார்க்கா எடுத்துக்கிறாங்க. எரிச்சல்ல நின்னாலும் சரி, அடுப்புல பால் பொங்குதேன்னு ஃபோனை அப்படியே வெச்சுட்டுப் போனாலும் சரி, பல நேரம் ஆப்புக்கு வித்தியாசம் தெரியாது.

அந்தச் செய்திக் கட்டத்துல இருக்கிற மூணு புள்ளியை அழுத்தி, ஆர்வமில்லைன்னு சொல்லுங்க. திட்டிக்கிட்டே திறந்து பார்க்காதீங்க. அதுவும் ஒரு க்ளிக்தான்.

நண்பர்கள் ஃபார்வர்டைவிட இது மேல்தானே?

பாதி ஒத்துக்கிறேன். மாமா அனுப்புற குட்மார்னிங் தொல்லை இல்ல. ஆனா மாமா பொய்ச் செய்தி அனுப்பினா மாமாவைக் கேக்கலாம். ஃபீட்ல யாரைக் கேக்கிறது?

இப்படி ஒரு ஆப்பை நல்லா செஞ்சாலும் நிக்குமான்னு தெரியாது. இன்ஸ்டாகிராமை உருவாக்கின கெவின் சிஸ்ட்ராமும் மைக் க்ரீகரும் 2023 ஜனவரியில ஆர்ட்டிஃபேக்ட்னு முழுக்க ஆர்வத்தை வெச்சே ஓடுற செய்தி ஆப் கொண்டுவந்தாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்சது. கிட்டத்தட்ட ஒரு வருஷத்துல, சந்தை போதலன்னு மூடப்போறதா சொல்லிட்டாங்க. அப்புறம் யாஹூ வாங்கிக்கிச்சு.

இந்தக் கணிப்பே வேண்டாம்னா?

ஐரோப்பிய யூனியன்ல டிஜிட்டல் சர்வீசஸ் சட்டப்படி, பெரிய தளங்கள் ஆளை அளந்து பார்க்காத ஒரு ஃபீடும் கொடுத்தாகணும். நமக்கு ஆர்எஸ்எஸ் இருக்கு (அந்த அமைப்பு இல்ல, பல தளங்களோட புதுப் பதிவுகளை ஒரே இடத்துல கொண்டுவர்ற வசதி). அதைப் படிக்க உதவின கூகுள் ரீடரை 2013ல மூடினதோட அது செத்துடல. பிடிச்ச தளங்களை நீங்களே சேர்த்துக்கலாம், புதுசு மேல வரும், அவ்வளவுதான். என் காலை வாசிப்பு அதுலதான்.

அப்பா ஃபோன்ல வெறும் விபத்துச் செய்தியா வருது. ராத்திரி தூங்க மாட்டேங்கிறார்.

எங்கம்மாவுக்கும் இதே கதை. பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொண்ணா மூணு புள்ளியை அழுத்தினேன். கூகுள் கணக்குல இருந்த பழைய ஹிஸ்டரியை அழிச்சேன். அழிச்சா மட்டும் போதாது, வேற தீனி போடணும். தினம் ரெண்டு, மூணு தோட்டச் செய்தியை அவங்களையே திறந்து முழுசாப் படிக்கச் சொன்னேன். பத்து நாள் ஆச்சு. இப்போ மாடித் தோட்டத்துக்கு மீன் அமிலம் எப்படிப் போடுறதுன்னு எனக்கு ஃபார்வர்ட் பண்றாங்க.