வாசகர் கேள்வி: பொத்தான் ஏன் சுடுகிறது?

கேள்வி: லண்டனில் வசிக்கிறேன். செப்புக் குழாயைக் கடைந்து இ-சிகரெட்டுக்கு நானே மெக்கானிக்கல் மாட் (மின்னணுப் பாதுகாப்பு இல்லாமல் பொத்தானால் மட்டும் இயங்கும் பேட்டரிக் குழாய்) செய்தேன். ஒரே 18650 அளவு லித்தியம் பேட்டரி, 0.15 ஓம் காயில் (திரவத்தைச் சூடாக்கும் கம்பிச் சுருள்). பத்து இழுப்புக்குள் பொத்தான் சுடுகிறது. ஸ்பிரிங்கை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது, முதல் குற்றவாளி காயில். முழு சார்ஜில் 4.2 வோல்ட், 0.15 ஆல் வகுத்தால் 28 ஆம்பியர். சாம்சங் 25ஆர் போன்ற நல்ல செல்லே தொடர்ந்து தரக்கூடியது 20 ஆம்பியர்தான். உறையில் அச்சடித்த பெரிய எண்களை நம்பாதீர்கள்.

24 கேஜ் காந்தல் (Kanthal எனும் சூடேற்றி உலோகக் கலவை) கம்பியை 3 மி.மீ. தண்டின் மேல் ஆறு சுற்றாகச் சுற்றி, இரண்டு காயில்களைப் பக்க இணைப்பில் பொருத்தினால் சுமார் 0.27 ஓம் வரும். மின்னோட்டம் 16 ஆம்பியருக்குள் அடங்கும். ஓம் மீட்டரில் அளந்த பிறகே பேட்டரியைப் போடுங்கள்.

பொத்தானின் சூடு தொடுமுனை மின்தடையால் வருவது. 20 மில்லி ஓம் இருந்தாலே 28 ஆம்பியரில் 15 வாட்டுக்கு மேல் அங்கேயே வெந்துபோகும். 16 ஆம்பியரில் அது 5 வாட். கறுத்த செம்பை மெருகேற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். மின்சாரம் ஸ்பிரிங் வழியே ஓடக்கூடாது. சூட்டில் ஸ்பிரிங் தளர்ந்தால் பொத்தான் அழுந்தியபடியே நின்றுவிடும், அப்புறம் அணைக்க வழியில்லை. வெள்ளி முலாம் பூசிய தனித் தொடுமுனை வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: அட்டாமைசர் (காயில் இருக்கும் மேல்பகுதி) நேரே பேட்டரி மேல் உட்கார்கிறதா? அப்படியானால் அதன் அடியிலுள்ள நடு ஊசி வெளிவளையத்தைத் தாண்டி நீட்டியிருக்க வேண்டும். இல்லையேல் பேட்டரியின் நேர்முனை அந்த வளையத்தில் பட்டு ஷார்ட் ஆகும். குழாயில், பழுதான பேட்டரி கக்கும் வாயு வெளியேறும் துளைகள் இல்லையென்றால் அது வெடிகுண்டுதான். பேட்டரி உறை கிழிந்திருந்தால் அன்றே மாற்றுங்கள்.