ஷெல்பி ஃபூட்டின் போர் வரலாறு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஷெல்பி ஃபூட் எழுதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் வரலாற்றின் முதல் தொகுதியை வாசித்து வருகிறேன். நாவலைப் போல இழுத்துச் செல்கிறது. ஆனால் அடிக்குறிப்புகளே இல்லை. நாவலாசிரியர் ஒருவர் எழுதிய இதை வரலாறு என்று நம்பலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நம்பி வாசிக்கலாம். ஐயப்பட வேண்டிய இடம் வேறு என்பது என் எண்ணம்.

மிஸிஸிப்பி மாநிலத்தின் கிரீன்வில்லில் 1916-இல் பிறந்த ஃபூட், ஐந்து புனைகதை நூல்களை எழுதிய பிறகே வரலாற்றுக்கு வந்தார். பதிப்பகம் கேட்டது ஒரு சிறிய நூலை. அதுவோ 1958, 1963, 1974 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெருந்தொகுதிகளாக வளர்ந்து, அவருடைய இருபது ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. மையில் தொட்டெழுதும் பேனாவால் நாளொன்றுக்கு ஐந்நூறு சொற்கள் என்ற அளவில் எழுதினார். அடிக்குறிப்புகளைத் தவிர்த்தாலும், வரலாற்றாசிரியருக்குரிய நெறிகளை ஏற்று, நாவலாசிரியருக்குரிய கற்பனை உரிமையைத் துறந்தே எழுதுவதாகத் தம் நூலிலேயே சொல்கிறார்.

நாவலிலிருந்து அவர் கொண்டுவந்தது பார்வைக் கோணத்தை. தொடக்கத்தையே பாருங்கள்: 1861 ஜனவரி 21, திங்கட்கிழமை, செனட் சபையில் ஜெஃபர்சன் டேவிஸ் விடைபெற எழுகிறார். போரின் காரணங்களை அலசும் முன்னுரை ஏதுமின்றி, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் தலைவராகப் போகும் அந்த மனிதரின் அருகே நம்மை நிறுத்திவிடுகிறார் ஃபூட். லிங்கன் அதன் பிறகே வருகிறார்.

என் மனக்குறையும் இங்குதான். தளபதிகளுக்கு வாய்த்த இந்த நெருக்கம், அப்போது அடிமைகளாக இருந்த ஏறத்தாழ 40 லட்சம் பேருக்கு அவர் நூலில் வாய்க்கவில்லை. வடக்கின் படையில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் இருந்தனர். அவர்களில் ஒருவரின் தோளோடு தோளாக நின்று நாம் போரைப் பார்ப்பதில்லை. 1864 ஏப்ரல் 12 அன்று பில்லோ கோட்டையில் சரணடைய முயன்ற கறுப்பின வீரர்களைக் கொன்றது தெற்கின் தளபதி நேதன் பெட்ஃபோர்ட் ஃபாரஸ்டின் படை. அந்த ஃபாரஸ்டைத்தான், 1990-இல் வெளிவந்த தொலைக்காட்சி ஆவணத் தொடரில், லிங்கனோடு சேர்த்து அப்போர் உருவாக்கிய இரு மேதைகளில் ஒருவர் என்றார் ஃபூட். இரு தரப்புப் படைவீரர்களையும் அவரவர் குரலிலேயே பேசவைத்து 'ஷைலோ' (1952) நாவலை எழுதியவருக்கு, கறுப்பின வீரர் ஒருவரின் அருகே நம்மை நிறுத்துவது இயலாத காரியமல்ல என்பதே எனக்கு வருத்தம்.

ஆகவே, இரண்டாம் தொகுதியைத் தொடங்குமுன் டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் 1935-இல் வெளியிட்ட 'பிளாக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' நூலின் நான்காம் அத்தியாயத்தையாவது வாசியுங்கள். அவரும் வரலாற்றாசிரியர், நாவலாசிரியர். பண்ணைகளை விட்டு அடிமைகள் கூட்டம் கூட்டமாக வெளியேறியதை ஒரு பொது வேலைநிறுத்தமாகக் கண்டு, போரின் முடிவை அது தீர்மானித்தது என்று அங்கே வாதிடுகிறார்.

அன்புடன்,
ஆசிரியர்