நனைந்த நூல்களுக்கு எதற்குக் குளிர்?

கேள்வி: வெள்ளத்தில் நனைந்த கல்லூரி நூலகப் புத்தகங்களை உறையவைக்கிறார்களாமே? வெயிலில் காயவைத்தால் போதாதா?

பதில்: பத்துப் புத்தகம் என்றால் மின்விசிறிக் காற்றே போதும். வெயில் மட்டும் வேண்டாம். தாள் நெளியும், அட்டை முறுக்கும். ஆயிரக்கணக்கில் நனைந்தால் சிக்கல் நேரம்தான்: 48 மணி நேரத்தில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். மைனஸ் 20 டிகிரியில் உறையவைத்தால் மாதக்கணக்கில் அவகாசம் கிடைக்கும். பிறகு வெற்றிட அறையில் பனிக்கட்டி நீராகாமலே ஆவியாகும். 1997 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக மார்கன் நூலகத்தில் நனைந்த சுமார் 5 லட்சம் நூல்களை மீட்கக் கைகொடுத்தது இந்த முறைதான்.

உறையவைக்க அனுப்பும் பெட்டியில் நூலின் முதுகு (தாள்களைத் தைத்த பக்கம்) கீழே இருக்க, ஒரே வரிசையாக அடுக்குங்கள். ஈர நூலைத் திறக்கவே கூடாது. வழவழப்புத் தாள் நூல்களுக்கே முதலிடம். அவற்றில் ஈரம் தானாகக் காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிச் செங்கல்லாகிவிடும், பிரிக்கவே முடியாது.