நிவாரண லாரி போன பிறகு

மனிதாபிமான உதவியால் மக்கள் உண்மையிலேயே மீண்டெழுகிறார்களா, அல்லது அன்றைய பசி மட்டும்தான் அடங்குகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் காணலாம். நிவாரண லாரி திரும்பிய பிறகு அவர்கள் கையில் என்ன மிஞ்சுகிறது என்றுதான் நான் பார்ப்பேன்.

1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை தாண்டிய அகதிகள், மேற்கு வங்கத்தின் போன்காவ் முகாமில் காலராவால் கொத்துக் கொத்தாக மடிந்துகொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துவந்தது. ஏற்றத் தெரிந்தவர்களும் போதவில்லை. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பிவைத்தார். நோயாளிக்கு அதைக் குவளை குவளையாகப் புகட்டியவர்கள் பெரும்பாலும் கூட வந்த உறவினர்கள். 30 சதவீதத்தை எட்டியிருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

கதை அங்கே முடியவில்லை. 1980 முதல் பிராக் என்ற வங்கதேச அமைப்பு வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பியது. மூன்று விரல் நுனியில் அள்ளிய உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர்: இவ்வளவுதான் பாடம். தாய்மார்கள் பின்னால் எவ்வளவு நினைவு வைத்திருக்கிறார்கள் என்று சோதித்து, அதற்கேற்பத்தான் ஊழியருக்குச் சம்பளம். (நம் பயிற்சி முகாம்களை நடத்துபவர்களுக்கு இப்படி ஒரு விதி வந்தால் எத்தனை பேர் தேறுவார்கள்?) போர்க்காலத்து வைத்தியம் அடுக்களைக்குள் வந்துவிட்டது.

இனி என் அனுபவம். ஒரு வெள்ள நிவாரணக் கிடங்கில் 11 நாள் துணி பிரித்தேன். ஒற்றைச் செருப்பு, ஜரிகை வைத்த கல்யாண உடுப்பு, கிழிந்த மெத்தை உறை என்று வந்து குவிந்தன. வரிசையில் நின்ற ஓர் அம்மா, "தம்பி, ஒரு பூட்டு கிடைக்குமா?" என்றார். தாழ்ப்பாள் பெயர்ந்து போய்விட்டதாம். மிஞ்சிய நாலு சாமானையும் திறந்த வீட்டில் போட்டுவிட்டு அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. எங்கள் பட்டியலில் போர்வை, வாளி, சோப்பு இருந்தன, பூட்டு இல்லை. பட்டியல் எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன், பூட்டு யாருக்குத் தோன்றும்? இரண்டு போர்வை கொடுத்து அனுப்பினோம்.

அதனால்தான் சந்தை இயங்கும் இடங்களில் பணமாகவே கொடுத்துவிடுவது நல்லது என்கிறேன். பாதை துண்டிக்கப்பட்டு, கடையில் சரக்கே இல்லையென்றால் மூட்டைதான் வேண்டும். "குடித்து அழித்துவிடுவார்களே" என்பவர்களுக்கு: உலக வங்கி ஆய்வாளர்கள் 2014-இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படிப் பணம் தருவதால் மது, புகையிலைச் செலவு கூடியதாகத் தெரியவில்லை.

ஏழைக் குடும்பத்தை வெள்ளத்தைவிட அதன் பின்விளைவுதான் அதிகம் சாய்க்கிறது. மாட்டை அடிமாட்டு விலைக்கு விற்பார்கள், வட்டிக்கு வாங்குவார்கள், பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவார்கள். விற்ற மாட்டைத் திரும்ப வாங்க வருடங்கள் ஆகும். 2020 ஜூலையில் வங்கதேசத்தின் ஜமுனை ஆற்றங்கரையில், வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே முன்னறிவிப்பை வைத்து ஐ.நா. அமைப்பான உலக உணவுத் திட்டம் கைபேசி வழியாகப் பணம் அனுப்பியது. பணம் கிடைத்த குடும்பங்களில் பட்டினி கிடந்தவர்கள் குறைவு என்றும், வெள்ளம் வடிந்த பிறகு அவர்கள் அதிக வட்டிக் கடனில் விழுந்ததும் குறைவு என்றும் பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள்.