ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் தளம் வேலை செய்ய வேண்டுமா?

கேள்வி: ஒரு பயிற்சி நிறுவனத்துக்கான இணையதளத்தை நாங்கள் மூன்று பேர் புதிதாக எழுதுகிறோம். பாட விவரங்கள், தேடல், விண்ணப்பப் படிவம், எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று உடனுக்குடன் காட்டும் பெட்டி, இவ்வளவுதான் தளம். பிரவுசரில் ஓடும் நிரலான ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வைத்திருப்பவர்களுக்கும் எல்லாம் வேலை செய்ய வேண்டும் என்கிறார் டீம் லீட். இந்தக் காலத்தில் அதை யார் அணைக்கிறார்கள்? இதற்கு நேரம் செலவிடத்தான் வேண்டுமா?

பதில்: உங்கள் லீட் சொல்வதில் பாதி சரி. ஆனால் காரணத்தை மாற்றிச் சொல்கிறார். வேண்டுமென்றே அணைப்பவர்கள் சிலர்தான்: அடையாளத்தை மறைக்க உதவும் டோர் பிரவுசரில் உச்சப் பாதுகாப்பு நிலையை வைத்திருப்பவர்கள், ஸ்கிரிப்டைத் தடுக்கும் நோஸ்கிரிப்ட் மாதிரி நீட்சியை பிரவுசரில் போட்டவர்கள். அவர்களுக்குத் தாங்கள் செய்வது என்னவென்று தெரியும், தேவைப்பட்டால் உங்கள் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்துக்கொள்வார்கள். நீங்கள் யோசிக்க வேண்டியது, எதையும் அணைக்காமலேயே ஸ்கிரிப்ட் கிடைக்காமல் போகிறவர்களைப் பற்றி.

பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2013-ல் தன் தளத்தில் இதை அளந்து பார்த்தது. ஸ்கிரிப்ட் ஓடாத வருகைகள் 1.1 சதவீதம். அதில் பிரவுசரிலேயே வசதி இல்லாதவர்களும் அணைத்து வைத்தவர்களும் சேர்ந்து 0.2 சதவீதம்தான். மீதி 0.9 சதவீதம் பேருக்கு ஓடியிருக்க வேண்டும், ஓடவில்லை. பழைய கணக்கு என்பதால் எண்ணை விடுங்கள், காரணங்களைப் பாருங்கள். பாதியில் சிக்னல் போகும். அலுவலக ஃபயர்வால் கோப்பைத் தடுக்கும். விளம்பரத் தடுப்பான் தவறாகக் கணித்து வெட்டும். பழைய பிரவுசருக்குப் புரியாத ஒரு குறி கோப்பில் இருந்தால் போதும், அந்தக் கோப்பு முழுவதையும் தள்ளிவிடும். பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் ஹெச்டிஎம்எல், தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் இரண்டும் புரியாததைத் தாண்டிப் போய்விடும். ஜாவாஸ்கிரிப்டுக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

ஹெச்டிஎம்எல்லில் இதற்கென்றே இருக்கும் ‘நோஸ்கிரிப்ட்’ டேக்கில் ஒரு வரி எழுதிவிட்டால் போதுமே என்று தோன்றும். அது ஸ்கிரிப்ட் அணைக்கப்பட்ட பிரவுசரில் மட்டும்தான் தெரியும். கோப்பு வந்து சேராதவருக்கு அந்த வரியும் இல்லை, வெற்றுப் பக்கம்தான்.

சரி, உங்கள் தளத்துக்கு வருவோம். பாட விவரங்களை சர்வரே முழு ஹெச்டிஎம்எல்லாக அனுப்பட்டும். தேடலை, தேடும் சொல்லை முகவரியிலேயே சேர்த்து அனுப்பும் ‘கெட்’ முறையில் சர்வருக்குப் போகும் சாதாரணப் படிவமாக எழுதுங்கள். அப்புறம் அதன் மேல் ஸ்கிரிப்டை ஏற்றி, தட்டத் தட்ட முடிவுகள் வரும்படி செய்யலாம். விண்ணப்பப் படிவத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும். நானே ஒருமுறை, ஸ்கிரிப்ட் வந்து திறந்துவிடும் என்று நம்பி அனுப்பும் பட்டனை ஆரம்பத்தில் முடக்கி வைத்தேன். ஸ்கிரிப்ட் வராதவர்கள் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, அசையாத பட்டனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். படிவம் போய்ச் சேர சர்வரில் உண்மையான முகவரி, நிரப்பியதை முகவரியில் சேர்க்காமல் அனுப்பும் ‘போஸ்ட்’ முறை, நிஜமான பட்டன், இவை மூன்றும் போதும். ஸ்கிரிப்டால் கிளிக் செய்ய வைத்துப் பட்டன் மாதிரி வேஷம் போடும் ‘டிவ்’ (ஹெச்டிஎம்எல்லின் வெறும் பெட்டி) வேண்டாம். பிரவுசரில் செய்யும் சரிபார்ப்பை யாரும் தாண்டிவிடலாம் என்பதால் சர்வரில் எப்படியும் சரிபார்க்கத்தான் போகிறீர்கள். ஆக, ஸ்கிரிப்ட் இல்லாத வழியில் பாதி வேலை ஏற்கெனவே உங்கள் கணக்கில் இருக்கிறது.

காலி இடப் பெட்டிக்கு மெனக்கெடாதீர்கள். பக்கம் உருவான நேரத்து எண்ணிக்கையை, அந்த நேரத்தோடு காட்டினால் போதும்.

லீட் சொல்லும் ‘எல்லாம்’ என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. வரைபடக் கருவி, வீடியோ அழைப்பு போன்றவை ஸ்கிரிப்ட் இல்லாமல் ஓடாது, ஓட வைக்க முயல்வதும் வீண். மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்துவதற்கான அணுகல்தன்மை விதியே அப்படிச் சொல்கிறது என்று அவர் வாதாடினால், அதற்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜியின் 1999-ல் வந்த முதல் பதிப்பில் அப்படி ஒரு நிபந்தனை இருந்தது உண்மை, 2008-ல் வந்த இரண்டாம் பதிப்பில் அது இல்லை. கூகுள் தேடலே 2025 ஜனவரி முதல் ஜாவாஸ்கிரிப்ட் கட்டாயம் என்கிறது.

பக்கத்தை ஜாவாஸ்கிரிப்டிலேயே கட்ட உதவும் ரியாக்ட் போன்ற ஃபிரேம்வொர்க் எடுத்தால் சர்வரில் பக்கத்தை உருவாக்கும் வசதியைத் தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள். பிறகு சேர்ப்பது பெரிய வேலை. அதை மட்டும் நம்பவும் வேண்டாம். பக்கம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஸ்கிரிப்ட் வரும்வரை பட்டனை அமுக்கினால் கிணற்றில் போட்ட கல்தான்.

சோதிக்கும்போது குரோமின் டெவலப்பர் கருவியில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துப் பார்ப்பதோடு நிற்காதீர்கள். நெட்வொர்க் பகுதியில் உங்கள் ஸ்கிரிப்ட் கோப்பின் முகவரியை மட்டும் தடுத்துவிட்டு, ஒரு விண்ணப்பத்தை முழுதாக நிரப்பி அனுப்புங்கள். அது உங்கள் தரவுத்தளத்தில் வந்து விழுகிறதா என்று பாருங்கள்.