ஹோட்டல் புக்கிங் இல்லாமல் ஷெங்கன் விசா கிடைக்குமா?

கேள்வி: எனக்கு 27 வயது, திருப்பூர். அடுத்த ஜூனில் தோளில் ஒரு பையோடு தனியாக பிரான்சில் 20 நாள், ஸ்பெயினில் 10 நாள் சுற்ற ஆசை. பயணிகளை உள்ளூர்க்காரர்களோடு இணைக்கும் கௌச்சர்ஃபிங் இணையதளம் வழியாக அவர்கள் வீடுகளில் காசில்லாமல் தங்குவதாகத் திட்டம். பிரான்சின் லியோன் நகரில் ஒருவர் இரண்டு இரவு தங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஹோட்டலுக்கென்று பணம் ஒதுக்கவில்லை. பிரான்ஸ், ஸ்பெயின் உட்பட 29 ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிட ஆதாரம் வேண்டுமாம். "4,000 ரூபாய் கொடுங்கள், டம்மி புக்கிங் போட்டுத் தருகிறேன்" என்கிறார் ஏஜென்ட். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். டம்மி என்று அவர் தருவது இரண்டில் ஒன்றாக இருக்கும். நிஜமாகவே அறை போட்டு, நீங்கள் விண்ணப்பம் கொடுத்த மறுநாளே ரத்து செய்துவிடுவார். இல்லையென்றால், யாருடைய பழைய ரசீதிலோ உங்கள் பெயரை ஏற்றித் தருவார். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், உங்களால் பிரித்தறிய முடியாது. தூதரகம் அந்த ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும், தெரிந்துவிடும். பொய் ஆவணம் என்ற காரணத்தோடு விசா மறுக்கப்பட்டால் அந்தப் பதிவு ஷெங்கன் நாடுகளின் பொதுத் தகவல் தொகுப்பில் 5 ஆண்டு இருக்கும். 29 நாடுகளின் விசா அதிகாரிகளும் அதைப் பார்க்கலாம். விண்ணப்பத்தில் இருக்கும் கையெழுத்து உங்களுடையது, ஏஜென்டுடையது அல்ல. 90 யூரோ விசாக் கட்டணமும் திரும்பாது.

அவர் 4,000 ரூபாய் கேட்கும் வேலையை நீங்களே செலவில்லாமல் செய்யலாம். இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள ஹாஸ்டல் (பயணிகள் பொது அறையில் ஒரு படுக்கையை மட்டும் வாடகைக்கு எடுக்கும் விடுதி) படுக்கைகளை உங்கள் பெயரில், உங்கள் கார்டில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். 30 இரவுக்கும் இடைவெளி விடாமல் இருக்கட்டும். விசா கையில் வந்ததும் எல்லாவற்றையும் ரத்து செய்துவிடாதீர்கள். விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி அதே தாள்களைத் திரும்பக் கேட்கலாம். போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு ஊரில் ஒருவர் வீட்டில் இடம் உறுதியானால் அந்த ஊர்ப் பதிவை மட்டும், இலவச ரத்துக்கான கெடு முடிவதற்குள் ரத்து செய்யுங்கள். கடைசி நேரத்தில் அவர் வரவேண்டாம் என்றாலும் தெருவில் நிற்க மாட்டீர்கள். அதனால் ஹாஸ்டலுக்கும் கொஞ்சம் பணம் ஒதுக்கத்தான் வேண்டும்.

லியோன் நண்பரின் அழைப்பையே ஆதாரமாகக் காட்ட முடியாதா என்று நினைப்பீர்கள். முடியும், ஆனால் அவர் அனுப்பிய சாட் செய்தியை அச்செடுத்து வைத்தால் போதாது. பிரான்சில் இதற்கென்றே 'அத்தெஸ்தாசியோன் தக்காய்' என்றொரு சான்று இருக்கிறது. வீட்டுக்காரர் தம் ஊர் நகராட்சிக்கு நேரில் போய் அடையாள அட்டை, வீட்டு ஆவணம், வருமானச் சான்று எல்லாம் காட்டி, 30 யூரோ வரிவில்லைக் கட்டணம் கட்டி வாங்க வேண்டும். மறுத்தாலும் அந்த 30 யூரோ போனதுதான். நீங்கள் அங்கே செலவுக்குத் திண்டாடினால் ஏற்றுக்கொள்கிறேன் என்றும் அவர் எழுதித் தர வேண்டும். இதையெல்லாம் அண்ணனோ அத்தையோ செய்வார்கள். முகம் பார்க்காத ஒருவரிடம் இரண்டு இரவுக்காக இதைக் கேட்பது நியாயமில்லை. கேட்டால் நல்ல மனிதர்கூடப் பின்வாங்கிவிடுவார். அப்படியே அவர் வாங்கித் தந்தாலும் அந்த இரண்டு இரவுக்குத்தான் செல்லும். மற்ற 28 இரவுக்கு வேறு தாள் வேண்டும். ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் படுக்க இடம் கொடுப்பதற்கு அரசாங்கம் இத்தனை முத்திரை கேட்பது எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. விருந்தோம்பலைத் தண்டிக்கிற விதி இது.

பணக் கணக்கிலும் இதே புத்திதான். ஹோட்டல் பதிவு காட்டினால் பிரான்சுக்கு நாளொன்றுக்கு 65 யூரோ கையிருப்பு போதும். பதிவு இல்லையென்றால் 120 யூரோ. 20 நாளுக்கு 1,300 எங்கே, 2,400 எங்கே! மேலே சொன்ன வீட்டுக்காரர் சான்று இருந்தால் மட்டும் நாளொன்றுக்கு 32.50 யூரோ. ஸ்பெயினுக்குத் தனிக் கணக்கு உண்டு, அதையும் சேர்த்து வங்கி இருப்பைக் காட்டுங்கள். விண்ணப்பிக்கும் முன் யாரிடமோ கடன் வாங்கி ஒரே நாளில் கணக்கில் போடச் சொல்லும் ஏஜென்ட்டுகளும் இருக்கிறார்கள். மாதக் கணக்கில் வந்துபோன வரவு செலவைத்தான் அதிகாரி பார்ப்பார்.

அதே ஏஜென்ட் "பிரான்சுக்கு அப்பாயின்ட்மென்ட் இல்லை, வேறு நாட்டுக்குப் போடுவோம்" என்றும் சொல்வார். அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது பிரான்ஸ். அப்பாயின்ட்மென்ட்களை மொத்தமாக மடக்கி வைத்து விற்கும் கும்பலும் உண்டு. இத்தனை காலமாக இதை ஒழிக்க முடியவில்லை என்பதை நான் நம்பத் தயாரில்லை. மனமிருந்தால் முடியும்.

அங்கே போனபின் ஒன்றில் கவனம். திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்தால் சாப்பாடும் படுக்கையும் தருகிறேன் என்று யாராவது அழைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் அதை வேலையாகவே கருதலாம், சுற்றுலா விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. யார் வீட்டில் தங்கினாலும் பாஸ்போர்ட் உங்களிடமே இருக்கட்டும், முகவரியை ஊரில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். ஆபத்தென்றால் ஐரோப்பா முழுக்க 112.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு, பயணத்துக்கு 15 நாள் முன்பு. ஜூன் பயணத்துக்கு ஜனவரியிலேயே விசா விண்ணப்ப மையத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் அப்பாயின்ட்மென்ட் தேடத் தொடங்குங்கள்.